நான் நிறுத்திய சர்வர்

எங்கள் கம்பெனியில் பஸ் டிக்கெட் பதிவுக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று வேலை செய்யும். மற்றது தயாராக நிற்கும். முதலாவது பதில் சொல்லாமல் போனால், சில நொடிகளில் இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். டிக்கெட் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் நலமா என்று ஆவூரில் என் வீட்டிலிருந்தே திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பச்சை என்றால் நலம். அம்மா போனபிறகு வீட்டில் நானும் அந்தப் பச்சையும்தான்.

"நாள் பூரா பொட்டியப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அதுல என்னதான் ஓடுது?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். எதுவும் நடக்காமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

சிவப்பு வந்தால் மட்டும் டீம் மொத்தமும் போனில் கூடும். போன வருடம் ஒருமுறை அப்படிக் கூடினோம். யார் வீட்டிலோ குழந்தை அழுதது. கட்டுமாவடியிலிருந்து வேலை பார்க்கும் பெண், "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஞாயிறு சர்ச் பூசையில் பக்கத்தில் நின்றவரிடம் கைகூப்பி ‘சமாதானம்’ என்று சொன்னதோடு சரி, அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது உறைத்தது. முதல் சர்வரை நானே நிறுத்தினேன்.

இரண்டாவது ஒழுங்காகப் பொறுப்பேற்றது. ஒரு டிக்கெட்கூடத் தவறவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஏழு பேர் லைனில். "அக்கா, இருக்கீங்களா?" "இருக்கேன், இருக்கேன்." முக்கால் மணி நேரம் பேசினோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ரிப்போர்ட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது. நிறுத்தியவர் பெயர் சர்வரிலேயே பதிவாகிவிடும். பத்து வருடமாக இதே வேலை பார்ப்பவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது! வேலை போனால் அந்தக் குரல்களும் போய்விடும். பயந்துகொண்டிருந்தபோது கட்டுமாவடிப் பெண் கூப்பிட்டாள்.

"லாக்ல ஒங்க பேருதாங்க்கா இருக்கு. நான் யாருட்டயும் சொல்லல. சோதனைக்கு நிறுத்துனேன்னு மாத்தி எழுதிருங்க. ஏங்க்கா இப்புடிச் செஞ்சீங்க?"

"சும்மாதான். எல்லாரும் பேசிக்கிட்டு இருப்போமேன்னு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அதுக்கு சர்வர நிறுத்தணுமாக்கா? சும்மாவே கூப்புடுங்க. நான் எடுப்பேன்."

அவள் சொன்னபடியே மாற்றி எழுதினேன், வேலை தப்பியது. மூன்று மாதமாகிறது. எத்தனையோ முறை அவள் எண்ணை எடுத்துவிட்டு, கூப்பிடாமல் போனை வைத்திருக்கிறேன். எடுத்ததும், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்பாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.