அரையிறுதி அன்று மேடையேறி வந்தவர்

போன வருடம், கோடை தொடங்கும் சமயம். எங்கள் மல்யுத்தக் குழுவின் சாம்பியன்ஷிப் சீசன் கேரளாவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அரையிறுதி கொச்சி மட்டாஞ்சேரியில், பழைய அரிசிக் கிடங்குகளை ஒட்டிய ஒரு மைதானத்தில். அங்கே நடந்ததை என் மனைவியைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

நான் சேலத்துக்காரன். தொழில் மல்யுத்தம். டிவியில் பார்த்திருப்பீர்கள், கயிறு கட்டிய மேடையில் பாட்டும் வெளிச்சமுமாக நடக்குமே, அந்த வகை. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்போம். ஆனால் விழுவது நிஜம். பலகை மேல் முதுகு அடித்து விழுந்து எழுந்து என் கழுத்து ஒரு பக்கம் திரும்புவதே இல்லை. சீசன் நாட்களில் எங்கள் பிழைப்பு லாரி கிளீனர் பிழைப்பு மாதிரிதான். வேனில் ஏறு, இறங்கு, மேடையை நாங்களே போல்ட் போட்டு முடுக்கு, லாட்ஜ் பாத்ரூமில் உடுப்பை அலசிக் காயப்போடு, அவித்த முட்டையைத் தின்றுவிட்டு சாயங்காலம் அடிவாங்கு. என்னை மேடையில் அடித்துத் துவைக்கும் ஹீரோ திருச்சூர்க்காரர். அறையில் என்னோடு தங்குபவரும் அவர்தான். கழுத்தைப் பிடித்து முறிப்பதாக நடித்துவிட்டு, அறைக்கு வந்ததும் அதே கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுவார்.

ஆரம்பத்தில் எனக்கு முகமூடி வேஷம். முதல் ஆட்டத்திலேயே தோற்று இறங்கிவிடுவேன். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அந்த சீசனில் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு, பெரிய மீசை, எண்ணெய் வழியும் தலை, தொடை வரை மடித்துக் கட்டிய லுங்கி, வாயில் வெற்றிலைச் சாறு என்று என்னை மாற்றினார். பெயர், பாண்டி முரடன். அந்தப் பக்கம் தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. நான் மேடையேறியதும் கூட்டம் "போடா பாண்டி" என்று கத்த வேண்டும், கடைசியில் உள்ளூர் ஹீரோ என்னை நொறுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அது பலித்தது. காசர்கோடு தொடங்கி எல்லா ஊரிலும் கத்தினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சல்தான் எனக்குக் கைதட்டல். சுவரொட்டியில் என் படம் பெரிதாக வந்தது.

மட்டாஞ்சேரியில் மதியமே மேடையை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். கடையில் ஒருவர் என்னையும் சுவரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைவிரல் இடுக்கெல்லாம் சிமென்ட். கொத்தனார்.

"தம்பி, நீங்க தமிழா? இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தென்காசிப் பக்கமாம். கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர்களாம். சுள்ளிக்கல்லில் குடியிருக்கிறார்களாம். கடைக்காரரிடம் "சேட்டா, இது நம்ம ஊர்ப் பையனாக்கும், ரெண்டு சாயா" என்று உரிமையோடு சொன்னார்.

"அரையிறுதின்னு போட்டிருக்கு. ஜெயிச்சிருவீங்கல்லா?"

நான் சிரித்தேன். முடிவு தெரிந்த சிரிப்பு. அவருக்கு அது நம்பிக்கையாகத் தெரிந்திருக்கும். எனக்குக் கொடுத்திருந்த பாஸில் இரண்டை எடுத்து நீட்டி, "அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே" என்றேன். இதெல்லாம் ஏற்கெனவே பேசி வைத்த ஆட்டம் என்று ஏன் அப்போதே சொல்லவில்லை? எங்கள் தொழிலில் அதைச் சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். ஒருவர் என்னை நிஜ வீரனாகப் பார்த்தது பிடித்திருந்தது என்பதுதான் உண்மையான காரணம்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். நான் மைக்கைப் பிடித்து வழக்கமான வசனத்தைச் சொன்னேன். "உங்க ஊர்ல வீடு கட்டுறது நாங்க! ரோடு போடுறது நாங்க! இனி பட்டமும் எங்களுக்குத்தான்டா!" கூட்டத்தைச் சீண்டுவதற்காக எழுதிய வசனம். மைதானமே கொதித்து "போடா பாண்டி, போடா" என்று எழுந்தது. அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார். அவருக்கு அது சீண்டலாகப் படவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறான் என்று தட்டியிருக்கிறார்.

ஆட்டம் நடந்தது. கடைசிக் கட்டத்தில் ஹீரோ தகர நாற்காலியால் முதுகில் அடிப்பார், நான் குப்புற விழ வேண்டும், மயங்கிக் கிடக்க வேண்டும், மணி அடித்த பிறகும் அவர் இரண்டு அடி அடிப்பார். அப்படியே விழுந்தேன். கண்ணை மூடினேன். கூட்டம் "இனியும் அடி, இனியும் அடி" என்று கத்தியது.

திடீரென்று மேடை அதிர்ந்தது. யாரோ கயிற்றுக்குள் நுழைந்து என் மேல் கவிந்தார்கள்.

"விடுங்கடா! மணி அடிச்சாச்சுல்லா? ஒத்த ஆளப் போட்டு இப்படியா அடிப்பீய?"

குரலிலேயே தெரிந்துவிட்டது. அவர் என்னைப் புரட்டி, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, கண்ணத் தொறங்க. தம்பி... யாராச்சும் தண்ணி கொண்டாங்களேன்!" சிமென்ட் காய்த்த கையால் என் கன்னத்தைத் தட்டினார்.

கூட்டம் இதையும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்துச் சிரித்தது. அறிவிப்பாளர் சும்மா இருக்காமல் மைக்கில், "இதா, ஒரு பாண்டி கூடி வந்நு!" என்றார். இன்னொரு பாண்டியும் வந்துவிட்டான் என்று அர்த்தம். சிரிப்பு இரண்டு மடங்கானது. ஹீரோ குனிந்து என் காதருகே, "அனங்கல்லே, ஷோ தீரட்டே" என்றார். அசையாதே, ஷோ முடியட்டும் என்கிறார்.

நான் அசையவில்லை.

காவலுக்கு நின்ற ஆட்கள் வந்து அவரை இழுத்தார்கள். என் தலை பலகையில் விழுந்தது. சட்டை கிழியும் சத்தம் கேட்டது. அவர் மனைவி கீழிருந்து அலறியது கேட்டது. வேட்டி அவிழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிமிடம் எழுந்த சிரிப்பு வேறு மாதிரியான சிரிப்பு. ஒரு கண்ணைத் திறந்து "அண்ணே, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தால் போதும். ஷோ கெட்டிருக்கும், அவ்வளவுதான். நான் மயங்கியவனாகவே கிடந்து, மயங்கியவனாகவே தூக்கிச் செல்லப்பட்டேன்.

திரைக்குப் பின்னால் முதலாளி என்னைக் கட்டிக்கொண்டார். "யாருய்யா அந்த ஆளு? பிரமாதம்! அடுத்த ஊருக்கும் வருவாரான்னு கேளு" என்றார். வெளியே ஓடிப் பார்த்தேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் விசாரித்துக்கொண்டு சுள்ளிக்கல் போனேன். வரிசையாக ஓட்டு வீடுகள். வாசலில் அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கிழிந்த வெள்ளைச் சட்டையும் கொடியில் கிடந்தது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நல்லாத்தான் நடமாடுதீய" என்றார். கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் அவசரமாக எழப் பார்த்தார். "வாங்க தம்பி. முதுகு எப்படி இருக்கு? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றார்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு முன்பே தெரியும் என்பதை, நாற்காலித் தகடு மெல்லியது என்பதை, என்னை அடித்தவர்தான் எனக்குத் தைலம் தேய்த்துவிடுபவர் என்பதை. அவர் மடியில் கிடந்தபோது எனக்கு முழு நினைவு இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் முழங்காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார்.

"அப்ப எல்லாம் முன்னாலயே பேசி வச்சதுதானா?"

"ஆமாண்ணே."

"அந்த அடி?"

"அதுவும்தாண்ணே."

"சரி" என்று தலையாட்டினார். பிறகு கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிற மாதிரி கேட்டார்: "அவங்க கத்துனது? அதுவும் பேசி வச்சதா?"

பையில் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

வாசலிலிருந்து அவர் மனைவிதான் பேசினார். "நாங்க வந்த புதுசுல அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இவுக ஒவ்வொரு வீடா வேலை செஞ்சு, நல்லது கெட்டதுக்கு நின்னு, அண்ணான்னு கூப்பிட வச்சாக. நேத்து எங்க தெருப் பிள்ளையளும்தான் அங்கன நின்னு கத்துச்சு. விளையாட்டுக்குத்தான் கத்தியிருக்கும். இல்லங்கல. ஆனா இன்னைக்கு இவுக வேலைக்குப் போகல. கால்வலி ஒரு சாக்கு. போனா சிரிப்பாங்கன்னுதான் போகல."

"விடு, அந்தப் பிள்ளை என்ன செய்யும். அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்று அவர் அடக்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வேன் கிளம்பும் நேரமாகிவிட்டதாக போன் வந்துகொண்டே இருந்தது.

அன்றோடு அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கலைக்கவில்லை. அடுத்த ஊரிலும் அதே மீசை, அதே லுங்கி, அதே வசனம். ஆனால் கூட்டம் கத்தத் தொடங்கியதும், எங்கேயோ முன்வரிசையில் யாரோ வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வசனம் பாதியில் நின்றது. முதலாளி திட்டினார். சீசன் முடிந்ததும், இந்தப் பெயரில் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவருக்கு வேறு ஒரு வேஷம் போட்டார்கள். நான் மறுபடி முகமூடிக்காரன், முதல் ஆட்டத்தில் தோற்பவன்.

என் மனைவி, அதுதான் விட்டுவிட்டீர்களே, இன்னும் ஏன் வருந்துகிறீர்கள் என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத ஒரு மனிதர், எனக்காக ஆயிரம் பேருக்கு நடுவே ஓடி வந்தார். அவர் ஒருவர் செய்தது மட்டும்தான் அன்றைக்கு அந்த மேடையில் பேசி வைக்காமல் நடந்தது.