மஸ்கெலியாவில் பூத்த மூங்கில்

போன மார்கழி மழையில், உடப்புசல்லாவையில் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் கொடுத்தார்கள். எங்கே போவது என்று மட்டும் அதில் எழுதவில்லை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூங்கில் நட்டே மேட்டைச் சரியாமல் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, நட்டவரிடம் போனில் சொல்லிவிட்டு, நடுவதற்குத் துண்டுகள் கேட்டு வாங்கி வரக் கிளம்பினேன்.

விடிகாலை ஐந்தரை பஸ். நுவரெலியாவில் மாறி ஹட்டனில் இறங்கும்போது ஒன்பதே கால். அங்கிருந்து மஸ்கெலியா இருபது கிலோமீட்டர்தான், வளைவுகளின் புண்ணியத்தில் ஒரு மணி நேரம். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். டவுனிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுநூறு.

"எல்லாரும் மலை ஏறத்தான் வருவாங்க. மூங்கில் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார் ஆட்டோக்காரர். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மூங்கிலை நட்டவர் செல்வராணியக்கா. தோட்டத்துத் தவறணையில், அதாவது தேயிலை நாற்றுமேடையில், இருபது வருடம் வேலை செய்தவர். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய லயத்துக்கு மேலே மண் சரிந்து ஆட்டுக்கொட்டில் ஒன்று புதைந்துபோனது. லயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். மறுமாதமே தனியாளாக நடத் தொடங்கியிருக்கிறார்.

இது தொடைப் பருமனுக்கு வளரும் பெரிய மூங்கில். புதராக ஓரிடத்தில் நிற்கும், ஓடிப் பரவாது, அதனால் தேயிலைக்குத் தொல்லையில்லை. வேர் அதிக ஆழம் போகாவிட்டாலும் மேல்மண்ணைப் பாய் பின்னியது மாதிரி பிடித்துக்கொள்ளும். முற்றிய கழியை இரண்டு கணு விட்டு அறுத்து, நடுவில் துளை போட்டுத் தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்து மண் மூட வேண்டும். மழைக்கு முன்னால் செய்துவிட்டால் மழையில் முளைக்கும். ஏணி, பீன்ஸ் கொடிக்குக் கம்பு, தண்ணீர் கொண்டுவரும் பீலிக் குழாய், திருவிழாப் பந்தல் எல்லாவற்றுக்கும் லயத்தில் இதுதான்.

"தாய் மூங்கில் எங்கக்கா எடுத்தீங்க?"

"ஆத்தோரத்துல ஒரு நல்ல புதர் இருந்துச்சு தம்பி. எல்லாத்தையும் அதுலயே வெட்டுனேன். தேயிலைக்கும் அப்பிடித்தான செய்வோம்? ஒரே தாய்ச்செடியில எடுத்தா மலை முழுக்க ஒண்ணுபோல வரும். வாங்க, இந்த வருசம் பூவும் பூத்திருக்கு. கோயிலுக்குக்கூடக் கொஞ்சம் குடுத்தேன்."

மேலே ஏறினோம். ஒரு புதர் பாக்கியில்லை. நெற்கதிர் மாதிரி பழுப்பாக, எல்லாம் பூத்திருந்தன.

புறப்படுவதற்கு முன்தான் படித்திருந்தேன்: இந்த மூங்கில் ஆயுளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்தால் புதரே காய்ந்துபோகும். வெட்டி நட்ட துண்டுக்கும் தாயின் வயதுதான். தாய் பூக்கும்போது அதுவும் பூக்கும், தாயோடு சாகும். சொல்லாமல் வந்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். பிறகு சொன்னேன்.

அக்கா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே, அக்கா."

"வேரு?"

"கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அப்புறம் மக்கிரும்."

"புதுசா நட்டா?"

"மண்ணப் புடிக்க நாலஞ்சு வருசம் ஆகும்."

கீழே தகரக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேலையச் சரியாத்தான தம்பி செஞ்சேன்" என்றார். சரியாகத்தான் செய்திருக்கிறார். இருபது வருடம் கற்றுக்கொண்டதை ஒரு பிசகு இல்லாமல் செய்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்காகக் காலையிலேயே ஆறு துண்டு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "வெட்டியாச்சு, கொண்டு போங்க" என்றார். சாக்கை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: ஹட்டனுக்குத் திரும்ப மாலை ஐந்தேகால் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் நடுவதாக இருந்தால் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெவ்வேறு இடத்துப் புதர்களில் எடுங்கள். மேட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெருமழைக்கு முன்னால் போய்விடுங்கள்.

அந்த ஆறு துண்டுகளையும் எங்கள் வெடிப்பின் ஓரத்தில் நட்டேன். வேறு என்ன செய்ய? ஐந்தாவது வாரம் ஒரு கணுவில் முளை வந்தது. இலை இல்லை, பழுப்பாக ஒரு கதிர்.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். அங்கே மழை பிடித்துவிட்டதாம், கூரையில் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஒங்களுது மட்டுமாவது முளைச்சுச்சா தம்பி?"

முளைத்துவிட்டது என்றேன்.