யார் பாலிலும் இல்லாதது

செவ்வந்திக்கு வாய் ஜாஸ்தி என்று ஆனைமலைப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே! தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கப் போன இடத்தில் அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தோட்டக்காரர் தன் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கொட்டாங்குச்சியில் ஊற்றி நீட்டினார். “தாகம் போயிருச்சுங்க, நீங்களே குடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வேலை செய்தாள். அப்போது அவளுக்குப் பாவாடை தாவணிப் பருவம். அந்த வாயோடுதான் மாரப்பனைக் கட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு, வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மாரப்பன் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் வேலை பார்த்தான். நல்ல மனுஷன். ஆனால் அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவன் அக்காள் மாசாணியம்மாளே பேசிவிடுவாள். எஸ்டேட் கிரெச்சில் ஆயா அவள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விடியலில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இடையில் ஒருமுறை ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். செவ்வந்தி அவளை முறைப்படி ‘நங்கை’ என்றுதான் கூப்பிட்டாள். முறை வேறு, ஒத்துப்போவது வேறு.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் எழில் பிறந்தாள். பிறகு இறங்கியது பாருங்கள் மழை! தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுச் சுவரெல்லாம் பாசி. காயப்போட்ட துணி காயாமலே நாறியது. மழை விட்டால் பனிமூட்டம், அது கலைந்தால் மறுபடி மழை. குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு போர்வை. மார்கழி, தை என்று வெயில் வந்த மாதங்களிலும், சளி பிடிக்கும் என்று மாசாணியம்மாள் கிரெச்சின் ஜன்னலைத் திறக்கவே மாட்டாள். செவ்வந்தி கொழுந்து பறிக்கப் போகும்போதும் இருட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் இருட்டு. இதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை.

ஆண்டு நிறைவு நெருங்கியது. அதே சமயத்தில் பிறந்த மற்ற பிள்ளைகள் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டன. எழிலை நிறுத்தினால் கால்கள் துவண்டன. தூங்கும்போது தலை வியர்த்துத் துணி நனைந்தது. மணிக்கட்டு இரண்டும் வளையல் போட்டதுபோல் தடித்திருந்தன. லைனில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாசாணியம்மாள் மட்டும் சுற்றி வளைக்கவில்லை.

“உன்ற பாலுல சத்தில்ல அம்மணி. வெறும் தண்ணி. டின் பாலுக்கு மாத்திப்போடு.”

ஊருக்கெல்லாம் பதில் சொன்ன செவ்வந்தி அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளரில் தன் பாலைப் பீய்ச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீர்த்துப்போய், நீலம் பாரித்த மாதிரி இருந்தது. தாய்ப்பால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மனது விட்டுப்போயிற்று. மாரப்பன் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் சித்திகா, குழந்தையின் மணிக்கட்டையும் விலா எலும்பையும் தடவிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். வெளியே கூட்டம் நெருக்கியது. “எலும்பு மெத்துன்னு இருக்கும்மா. வைட்டமின் டி பத்தல. தாய்ப்பால்ல இது வராது. தினமும் இந்தச் சொட்டைக் குடுங்க” என்று ஒரு சின்னப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செவ்வந்தி வழியெல்லாம் யோசித்தாள். பாலில் வரவில்லையா? சரி, வரவைக்கிறேன். அவள் வளர்ந்த இடத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் தாய்தான் ஓமம் மெல்லுவாள். பிள்ளைக்குச் சளி என்றால் தாய்தான் சுக்குக் கசாயம் குடிப்பாள். பத்தியம் தாய்க்கு, குணம் பிள்ளைக்கு. ஆகவே அந்தச் சொட்டுகளைத் தினமும் காலையில் கிழக்கே பார்த்து நின்று அவளே குடித்தாள். கத்தரிக்காயைத் தொடவில்லை, மாங்காயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூண்டும் கருப்பட்டியுமாகத் தின்றாள். இப்படி ஒரு சிரத்தையை எந்தச் சாமிக்கும் அவள் காட்டியதில்லை.

புட்டி காலியாயிற்று. அடுத்த மழையும் வந்துவிட்டது. எழிலின் கால்கள் அப்படியேதான் இருந்தன.

“மருந்தும் கேக்கல பாரு. நாளையிலிருந்து நான் புட்டிப் பாலு குடுக்கப்போறேன். நீ வந்து மாரக் குடுக்க வேண்டாம். உன்ற வீம்புக்கு என்ற தம்பி புள்ள நொண்டியாகணுமா?” என்றாள் மாசாணியம்மாள்.

மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா சொல்றதும்…” என்று இழுத்தான்.

“இழுக்காதீங்க. பெத்தவ நான் இருக்கேன்” என்றாள் செவ்வந்தி. விடிந்ததும் வேலைக்குப் போகவில்லை. கொட்டும் மழையில் தூக்கிப்போக முடியாமல் பிள்ளையை மட்டும் கிரெச்சில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அட்டைகள் காலில் ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“ஏனுங்க டாக்டரம்மா, என்ன மருந்துங்க குடுத்தீங்க? ஒரு சொட்டு சிந்தாம, ஒரு நாள் தவறாமக் குடிச்சனுங்க!”

சித்திகா நிமிர்ந்து பார்த்தார். “யாரு குடிச்சீங்க?”

“நாந்தானுங்க. என்ற பாலு வழியாத்தான அவளுக்குப் போகணும்?”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். “கதவைச் சாத்திட்டு உக்காருங்க. அன்னிக்கு நான் அவசரத்துல சொன்னது தப்பு” என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். வெயில் உடம்பில் பட்டால் தோல் அந்தச் சத்தைத் தானே செய்துகொள்ளும். இங்கே வெயிலும் இல்லை, இருந்தாலும் பிள்ளையை மூடி வைக்கிறோம். தாய் அத்தனை சின்ன அளவு குடித்தால் பாலில் வருவது ஒன்றுமே இல்லை. சொட்டு பிள்ளையின் நாக்கில்தான் விழ வேண்டும். நோய் முற்றியிருப்பதால் கொஞ்ச நாளைக்கு அளவைக் கூட்டித் தருவார். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. ராகிக் கூழும் முட்டையும் ஊட்ட வேண்டும். பாலை நிறுத்தக் கூடாது.

செவ்வந்திக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“என்ற பாலுல மட்டுந்தான் இல்லைங்களா, இல்லாட்டி…?”

“யாரு பால்லயும் போதுமான அளவு இருக்காதும்மா. என் பால்லயும் இல்ல. என் மகனுக்கும் நான் சொட்டுதான் ஊத்துனேன். டின்காரன் அதக் கம்பெனியிலயே கலந்துடறான், அவ்வளவுதான். உங்க பால்ல ஒரு குத்தமும் இல்ல.”

அடேயப்பா! புதுப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தவள் நடக்கவில்லை, ஓடினாள்.

பால் கொடுக்கும் நேரம். கிரெச்சில் சுவரோரமாகப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, பிள்ளைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். “ஆகட்டும், ஆகட்டும், விசிலடிச்சா என்னையத்தான் ஏசுவாங்க” என்று மாசாணியம்மாள் வழக்கம்போல் விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் எழில். புட்டியின் ரப்பரைத் துப்பித் துப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது குழந்தை.

செவ்வந்தி பிள்ளையை வாங்கவில்லை, பறித்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன அளவுக்கு எழிலின் நாக்கில் சொட்டு விட்டாள். பிறகு மார்பில் போட்டுக்கொண்டாள். குழந்தை ஆவலாகக் குடித்தது.

“ஏண்டி, அந்தத் தண்ணியவேதான் குடுப்பியா?” என்று மாசாணியம்மாள் கத்தினாள்.

“ஆமா நங்கை, இதயேதான் குடுப்பேன். இந்தச் சொட்டுல இருக்கறது என்ற பாலுல இல்ல. உங்க பாலுலயும் இல்ல. இங்க உக்காந்திருக்கற ஒருத்தி பாலுலயும் இல்ல. டாக்டரம்மா பாலுலயே இல்லையாம், அவங்களே சொல்லிப்போட்டாங்க. வெயிலு குடுக்கறத எங்கிட்டக் கேட்டா நான் எங்க போவேன்? இனி யாராவது என்ற பாலத் தண்ணின்னு சொன்னா, மரியாதை கெட்டுப்போகும்!”

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மாசாணியம்மாள் திருப்பிக் கத்துவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

“என்ற பாலுலயுமா?” என்று கேட்டாள்.

“யாரு பாலுலயும் இல்லீங்க.”

மாசாணியம்மாள் புட்டியைக் கீழே வைத்தாள். “மாரப்பன் அப்பச் சின்னப் பையன், அவனுக்குக்கூட இது தெரியாது. என்ற மூத்தவன் இப்படித்தான் தொவண்டு கெடந்தான். தண்ணிப் பாலுன்னு சொல்லி, என்ற மாருல வேப்பெண்ணையத் தடவிவுட்டாங்க. டின் பாலக் கலக்கிக் கலக்கி ஊத்துனோம். வவுத்தால போயே போயிட்டான். எனக்குப் பாலு கட்டிக்கிட்டு வலி உசுரு போச்சு, அவன் பசிச்சுக் கத்துனான். நானும் என்ற பாலத்தானே சபிச்சேன்…” புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். செவ்வந்திக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நங்கையின் கையை எட்டிப் பிடித்தாள்.

வெளியே விசில் கேட்டது. பெண்கள் பதறி, பிள்ளைகளை மார்பிலிருந்து பிரிக்கப் போனார்கள். சூப்பர்வைசர் வெங்கடபதி வாசலில் வந்து நின்று, “நேரமாச்சு, எந்திரிங்க, எந்திரிங்க” என்றார்.

மாசாணியம்மாள் எழுந்து போய், வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளைக பாலு குடிக்குதுக! வவுறு நெறைஞ்சப்பறந்தான் வருவாளுக. நீங்க போங்க!”

உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை.