படத்தில் விழுந்த பெல் சத்தம்

பெங்களூர், அல்சூர். ஃபேக்டரியின் காலை ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வருகின்றன. காபி ஹோட்டல் மாடியில் கேமராவோடு நிற்கிறேன். முகம் எதுவும் வேண்டாம், கூட்டம்தான் வேண்டும். நகரம் என்றால் அதுதானே!

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளி கேட்கிறார்: "நான் இந்தக் கூட்டத்துல போனா படத்துல தெரிவேனா சார்? செவப்பு மஃப்ளர் கட்டியிருக்கேன்."

"கறுப்பு வெள்ளை ஃபிலிம்ங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க."

"அப்போ பெல் அடிக்கிறேன்."

படத்தில் சத்தம் எப்படி விழும் என்று நான் கேட்பதற்குள் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசிக்குப் போய்விடுகிறார்.

பெல் விடாமல் அடிக்கிறது. முன்னால் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பின்னால் பார்க்கிறார்கள். அத்தனை பின்மண்டைகளுக்கும் அப்பால், என்னைப் பார்த்துச் சிரிக்கிறது ஒரே ஒரு முகம்.

அழுத்துகிறேன்.