எஞ்சின் இல்லாத வீடு

எஞ்சின் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பஸ்ஸை விலைக்கு வாங்கியவன் நான். கூரையைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னல்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். படியில் இரண்டு தரம் ஏறி இறங்கி, பெரிய நிபுணன் மாதிரி தலையை ஆட்டினேன். பானெட்டைத் திறக்க மட்டும் தோன்றவில்லை. ரசீதைச் சட்டைப் பையில் வைத்த பிறகு ஏதோ நினைவில் திறந்தால், உள்ளே ஒரு பூனை நாலு குட்டிகளோடு படுத்துக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு வரக்கூடாதா என்பதுபோல என்னைப் பார்த்தது.

"என்ன பாய், எஞ்சினைக் காணோமே?" என்றேன்.

பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தகரப் பட்டறை வைத்திருந்தார். கழித்துப் போட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்துப் பிரித்து விற்பது அவர் தொழில். பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "வீடுதான வே கேட்டீரு? வீட்டுக்கு எதுக்கு வே எஞ்சினு?"

நியாயம்தான். நான் கேட்டது வீடு. அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஓர் அறைக்குக் கொடுக்க வேண்டிய பகடி என்கிற முன்பணத்தில் ஊரில் ஒரு தோப்பு வாங்கலாம். மாதுங்காவில் ஓர் அறையில் ஏழு பேராகப் படுத்திருந்தோம். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் ஏழு பேரும் சேர்ந்து தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் என் மனைவி திருநெல்வேலியில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். "இடம் பார்த்தாச்சா?" என்று அவள் எழுதும் கடிதங்களும் வரவரச் சுருங்கி, கடைசியில் "ஆச்சா?" என்று ஒரே சொல்லில் ஒரு கார்டு வந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் பஸ்ஸை வாங்கினேன்.

செம்பூரில் ஒரு காலி மனையின் மூலையில் செங்கல் முட்டுக் கொடுத்து அதை நிறுத்தினோம். இருக்கைகளில் பாதியைக் கழற்றினோம். பின்பக்கம் ஸ்டவ்வும் தண்ணீர்ப் பானையும். நடுவில் கட்டில். ஸ்டியரிங்கில் ஈரத்துண்டு காயும். மனைவி வந்து இறங்கியவள், பெட்டியோடு வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். "டிக்கெட் எடுக்கணுமா, உள்ள போயி எடுத்துக்கிடலாமா?" என்றாள். அதோடு சரி. அன்று மாலையே கோலம் போட்டுவிட்டாள்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். 'சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். பதினாறு ஜன்னல். நல்ல காற்று.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அந்தக் கடிதத்தின் அயோக்கியத்தனம்.

அப்பாவிடம் 'சொந்த வீடு' என்ற சொல்லை விளையாட்டாகப் பயன்படுத்தக் கூடாது. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, ஒன்பது வாடகை வீடுகள் மாறியவர். கடைசி வீட்டில்தான் அம்மா படுத்த படுக்கையானாள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு என்பார்கள். மாசக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும். எந்த வீட்டுக்காரன் சம்மதிப்பான்? அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தோடு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் பின்பக்க மாட்டுத் தொழுவத்தில் வைத்தோம். இரண்டு நாள் அங்கே கிடந்து போனாள். அப்பா அழவில்லை. "நான் போறப்ப ஒருத்தனும் என்னைய எறக்கி வைக்கப்பிடாது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

ஆகவே, இதயம் பெருத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஊர் டாக்டர் சொன்னதும், அப்பா தந்தி அடித்தார்: 'புறப்பட்டு வருகிறேன்.' எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். வைத்தியத்துக்கு அல்ல.

டாக்ஸியிலிருந்து இறங்கி அப்பா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னால் வீடு இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, எட்டிப் பார்த்தார். பின்னால் ஓர் எருமை நின்றது.

"இதுவாலே?"

"இதுதாம்ப்பா."

மெல்ல ஒரு சுற்று வந்தார். தகரத்தைத் தட்டினார். "சொந்தமா?"

"சொந்தம்."

"ரசீது இருக்கா?"

கொடுத்தேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, நின்றபடியே முத்திரை உட்பட முழுக்கப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெளிய போன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்லா?" என்றார்.

வண்டி நம்முடையது, மனை இன்னொருவருடையது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். "முடியாதுப்பா" என்று வந்தது.

அப்பாவுக்கு வீடு பிடித்துவிட்டது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இருக்கையைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டார். கண்டக்டரின் மணிக்கயிறு அப்படியே இருந்தது. ஒரு தரம் இழுத்தால் வெந்நீர், இரண்டு தரம் இழுத்தால் காப்பி என்று மருமகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். "மாமா, நீங்க ரெண்டு பெல் அடிச்சா வண்டிதான் கெளம்பணும், காப்பி வராது" என்பாள் அவள். "ஒம் புருசன் வாங்குன வண்டியில காப்பியாவது கெளம்பட்டும் தாயீ" என்பார். அவர் என்னைக் கேலி செய்து நான் கேட்டது அவர் எங்களோடு இருந்த நாலு மாதங்களில்தான்.

வெயிலேறினால் தகரம் கொதித்தது. மழையில் பேசுவது காதில் விழாது. அப்பா ஒன்றையும் குறையாகச் சொல்லவில்லை. கால்வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில், "வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் கைவிட்டார் என்று நான் கலங்கி நிற்க, அப்பா முகத்தில் ஒரு நிம்மதி.

மழை விட்ட பிறகு ஒரு புதன்கிழமை மனைக்காரரின் ஆள் வந்தான். கட்டடம் கட்டப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் "காலி கரோ" என்று ஜன்னல் பக்கம் நின்று இரைந்தான். அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் 'காலி' திருநெல்வேலியிலும் காலிதான்.

அவன் போனதும் கூப்பிட்டார். "சொந்தம்னியே?"

"வண்டி சொந்தம்ப்பா. எடம்தான்..."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. பக்கத்துத் தகரத்தை விரலால் தட்டினார். பிறகு சிரித்தார். "சரிலே. வீடு நம்மளதுன்னா வீட்டோட போயிருவோம். வெளிய போன்னு சொன்னா வீட்டையே எடுத்துக்கிட்டுப் போறவன் எத்தன பேரு இருக்கான்?"

ஒன்பது வீடுகளிலிருந்து சாமான் தூக்கியவருக்கு அந்த யோசனை எவ்வளவு இனித்தது என்று இப்போது புரிகிறது. அப்போது நான் வேறொன்றைப் புரிந்துகொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு பழைய ஆங்கில வைத்தியப் புத்தகத்தில், பலவீனமான இதயத்துக்குக் குலுக்கல் ஆகாது என்று படித்திருந்தேன். அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

பாய் தம் பட்டறைக்குப் பின்னால் இடம் தருவதாகச் சொன்னார். ஞாயிறு காலை ஒரு லாரியோடு வந்து, செங்கல்லை எடுத்துவிட்டு டயர்களை மாட்டி, இரும்புத் தண்டால் பஸ்ஸை லாரியோடு பிணைத்தார். அப்பா அதிகாலையிலேயே மருமகளிடம் வெந்நீர் வாங்கிச் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீங்க டாக்ஸியில வாங்க. மாதுங்காவுல என் ஆபீஸ் நண்பர் வீட்டுல இருப்போம். வண்டி போய் நின்னதும் கூட்டிட்டுப் போயிருதேன்."

"நான் இதுலயே வாரேம்லே."

"குலுக்குங்கப்பா. ஒங்க ஒடம்பு தாங்காது."

"நான் மாமாவப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிடுதேன்" என்றாள் மனைவி. "மெதுவாத்தான போவாங்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். புத்தகம் படித்தவன் நான்தானே.

பாய் நடுவில் நுழைந்தார். "நான் நடக்கிற வேகத்துலதான் வே இழுப்பேன்." அவரிடமும் இதயத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு லாரிக்குப் போனார். மனைவி சாமான்களோடு பஸ்ஸில் இருந்துகொள்ள, நானும் டாக்ஸிக்காரரும் அப்பாவைத் தூக்கினோம். கனமே இல்லை. "ஒரு மணி நேரந்தானலே?" என்று கேட்டார். "ஒரே மணி நேரம்ப்பா" என்றேன்.

நண்பர் வீடு இரண்டாம் மாடி. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனோம். நண்பரும் அவர் மனைவியும் கூடத்தில் பாய் விரித்து, தலையணை வைத்து, அவ்வளவு பிரியமாகக் கவனித்தார்கள். அவர்கள் பேரில் எனக்கு இன்றும் ஒரு வருத்தமும் இல்லை. அரைமணி கழித்து அப்பாவின் மூச்சில் ஒரு சத்தம் வந்தது. அம்மாவுக்கு வந்த அதே சத்தம். எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, நண்பர் சுவரோரம் போய் நின்றார். அங்கே தினக் காலண்டர் தொங்கியது. தேதி பார்ப்பவர்போல் குனிந்து, அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த நாள் தாளை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அவருடையதும் வாடகை வீடுதான். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார்.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்கோ..." என்று ஆரம்பித்து, மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினார்.

பாயில் கிடந்த அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"ஏலே, என்னைய எறக்கிரு" என்றார்.

"இல்லப்பா..."

"அவுக நல்ல மனுசாள்லா. எறக்கிருலே."

தூக்கிக் கீழே கொண்டுவந்தோம். மாடிப்படியடியில் இரண்டு சைக்கிள்களை நகர்த்தி, மின்சார மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே படுக்கவைத்தோம். டாக்ஸி பிடிக்க ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. நாற்சந்தி வரை ஓடி, ஒன்றைப் பிடித்து, அதிலேயே ஏறி வந்து இறங்கியபோது நண்பர் வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே உயிர் போன உடலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள் கூடியிருந்த பெரியவர்கள். அது எந்த வீடு, எதற்காக அவர் ஆயிரம் மைலுக்கு மேல் வந்தார் என்றெல்லாம் விளக்கும் தெம்பு எனக்கு இல்லை. மாதுங்காவிலிருந்து நேரே சயான் மயானத்துக்குப் போனோம். தாராவியில் என் மனைவி கட்டிலில் புதுப் போர்வை விரித்து, வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் போய்ச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, பாய் பட்டறையிலிருந்து எழுந்து வந்து பஸ் படியில் உட்கார்ந்தார். பீடி பற்றவைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் பீடிக்கட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கக்கூடாதே என்று நான்தான் கேட்டேன், அன்றைக்கு வழியில் வண்டி ரொம்பக் குலுக்கிற்றா என்று.

"எங்க வே குலுக்கிச்சு?" என்றார். "ஐயா பாதி குடிச்சிட்டு வச்ச தண்ணி டம்ளரு ஜன்னலோரத்துல இருந்துச்சு. இங்க வந்து நிறுத்திட்டுப் பாக்கேன், ஒரு சொட்டு சிந்தல."