எல்லாரையும் கேட்டுப் பார்த்த லூர்துசாமி

லூர்துசாமி போய்விட்டார் என்று வைத்திக்குப்பத்து மீன்காரி செல்லம்மாதான் மேரிக்கு வந்து சொன்னாள். மேரி என்றால் எங்கள் நகராட்சி அலுவலகம். பதினெட்டு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தா நான். எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! முதலில் கோபம் வந்தது, அப்புறம்தான் அழுகை.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், கேள்வி கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஐம்பத்து நான்கில், புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். ஊரே கொண்டாடியது, அவரும்தான். மறுநாளே என்னைக் குடைய ஆரம்பித்தார். "எல்லாரையும் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம். அப்புறம் ஏன் கேக்கல?"

அடுத்த வருஷம் வைத்திக்குப்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. ஊர்த் தலைவரான நாட்டார், தன் வீட்டு வாசலில் போடச் சொன்னார். லூர்துசாமி ஓட்டெடுக்க ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். நாட்டார் வாசலுக்குக் கல், பெண்கள் மீன் விற்கும் இடத்துக்குச் சிப்பி. அடுத்தவருக்குத் தெரியாமல் பானைக்குள் போட வேண்டும். மேதாவி போனது விடியற்காலையில்! ஆண்கள் அத்தனை பேரும் கடலில். பானை நிறையச் சிப்பி.

படகுகள் கரைக்கு வந்ததும் சண்டை.

"எல்லாருக்கும் சேத்துத்தானே நான் பேசறேன்?" என்று நாட்டார் கத்தினார்.

"சேத்துப் பேசறீங்க, சரி. கேட்டுட்டுப் பேசறீங்களா?" என்றார் இவர்.

ஆண்களை விட்டுவிட்டுக் கேட்டதும் தப்புதானே என்று நான் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். யாரும் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து மறுபடியும் பானை வைத்தார். அப்போதும் சிப்பிதான் ஜெயித்தது. எந்தெந்த ஆண்கள் சிப்பி போட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதோடு விட்டாரா மனுஷன்? விளக்குக் கம்பத்துக்குப் பானை, சாக்கடைக்குப் பானை. கடைசியில் செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் பிரெஞ்சு முசியேயைப் போட்டுக் கேட்டாள்: "ஏன் முசியே, எதுக்கெடுத்தாலும் கூப்புட்டா மீன யாரு விக்கிறது? எங்களுக்காகப் பேச ஒருத்திய அனுப்பறோம். அவ மாத்திப் பேசினா அன்னிக்கே திருப்பிக் கூப்ட்டுக்கறோம்."

அதிலிருந்து அவருக்கு ஒரு வாரம் இதே பேச்சு. "நாட்டையே இப்படி நடத்த முடியுமா, சொல்லுங்க?" எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது செல்லம்மா என்னை நிறுத்தினாள். "அவரு போயிட்டாரு. இனிமே எங்கள யாரு வந்து கேப்பாங்க?"

நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் கேட்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயித்த பிறகு அந்த ஆள் குப்பத்துப் பக்கம் வந்ததே இல்லை.

"நான் வரேன்" என்றேன்.

நாற்காலியை விட்டு எழுந்தே பழக்கமில்லாதவன் நான். லூர்துசாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேட்கிற வேலையைத்தான். நாளைக்குப் போகிறேன். என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருக்கிறது.