பங்கு போட்ட குளிசை

உப்புவெளியில் யாருடைய வள்ளத்து எஞ்சின் இருமினாலும் தங்கத்துரையிடம்தான் கொண்டுபோவார்கள். மனிதர் எஞ்சினைத் திறப்பதற்கு முன் காதைத்தான் கொடுப்பார். கயிற்றை ஒரு இழுவை இழுத்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பிளக்கில பிழையில்லையடா, எண்ணெய் வாற வழி அடைச்சிருக்கு” என்பார். சொன்னால் சொன்னதுதான். அப்பேர்ப்பட்ட காது, சொந்த வீட்டுக்குள் கேட்டதைக் கேளாதது மாதிரி இருந்ததே, அதைத்தான் ஊர் இன்னும் ஆறமாட்டாமல் கதைக்கிறது.

அவருடைய மனைவி கனகமணியின் நெஞ்சுக்குள் ஓர் இரும்பு வால்வு இருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மகன் ரஞ்சன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து, பழுதானதை எடுத்து, இரும்பில் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து அவள் நெஞ்சு சத்தம் போடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாயில் சரிந்தால், கரண்ட் போய் காற்றாடி நின்ற வேளையில், டிக் டிக் என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். “மணிக்கூட்டை விழுங்கிட்டியோடி கனகம்?” என்று மச்சாள்மார் பகிடி பண்ணுவார்கள். தங்கத்துரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வார்.

இரும்பில் இரத்தம் பட்டு உறையாமல் இருக்க அவளுக்கு வாஃபரின் என்ற மருந்துக் குளிசை. ஒரு நாளும் விடக்கூடாது. அளவு கூடினால் இரத்தம் நிற்காமல் ஓடும், குறைந்தால் கட்டிபடும். அதனால் மாதாமாதம் பஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய், கையில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்து, இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்றரை என்று மாற்றிக் கொடுப்பார்கள். கீரையை நினைத்த நேரம் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். வீட்டில் அது கீரையே கூடாது என்று ஆகிவிட்டது. முருங்கை இலை வறை என்றால் உயிரை விடுகிற கனகமணி, பக்கத்து வீட்டு வாசத்தை மூக்கால் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள்.

தங்கத்துரைக்கும் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது, உள்ளே இரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைக்கலாம் என்று டொக்டர் ஷிஃபானா அவருக்கும் ஒரு குளிசை எழுதினார். இது அபிக்ஸபான் என்ற புது வகை. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

“உங்களுக்கு இது வாஃபரினை விட வசதி ஐயா. மாதாமாதம் ரத்தம் பாக்கத் தேவையில்லை, சாப்பாட்டுக்கும் பெரிய கட்டுப்பாடில்லை. ஆனா ஒரு நேரமும் விடக்கூடாது. வாஃபரின் மாதிரி நாள் கணக்கா உடம்பில நிக்காது, அரை நாளோட இதின்ர வேலை குறைஞ்சிடும்” என்றார் டொக்டர்.

வசதி என்றது மனிதருக்கு நன்றாகக் கேட்டது. உங்களுக்கு என்றதை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

இதற்கிடையில் கனகமணிக்கு முழங்கால் நோவு வந்தது. கடையில் சொல்லி ஒரு நோக்குளிசை வாங்கிப் போட்டாள். அடுத்தடுத்த நாளும் போட்டாள். ஒரு காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. துவாயை மாற்றி மாற்றிப் பிடித்தார் தங்கத்துரை. நிற்கவில்லை. துருவின தேங்காய்ப்பூ சிவந்துபோனது. ஆஸ்பத்திரியில் நிற்பாட்டி எடுத்த பிறகு ஏச்சும் விழுந்தது: வாஃபரின் குடிக்கிற ஆள் கேளாமல் நோக்குளிசை போடுவதா? ஏச்சு வாங்கவேண்டியது நோக்குளிசைதான். ஆனால் தங்கத்துரையின் கோபம் முழுவதும் வாஃபரின் மேல் பாய்ந்தது. அந்தச் சனியனை இனி வீட்டுக்குள் விடுவதில்லை என்று அவர் மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டார்.

இங்கேதான் கடற்காரரின் புத்தி வேலை செய்தது. நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்து நிற்கிற வள்ளத்தைக் கண்டால் இந்தக் கரையில் யாரும் தாண்டிப் போவதில்லை. எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்காமல் கண்டவன் தன் எண்ணெய்க் கானைச் சரித்துப் பாதி ஊற்றிக் கொடுப்பான். இரண்டு வள்ளமும் மெதுவாக ஓடிக் கரை சேரும். தங்கத்துரை அப்படிக் கொடுத்துமிருக்கிறார், வாங்கியுமிருக்கிறார். பிரான்சில் இருக்கிற மகன் ரஞ்சன் அங்கிருந்து வருகிற ஆட்களிடம் வாங்கிக் கொடுத்துவிடும் அந்தப் புதுக் குளிசை ஓர் ஆளுக்கு அளவாகத்தான் வரும். கூடக் கேட்டால் ஏன் என்று துருவுவான். அவருக்குத் துருவல் பிடிக்காது. காலைக் குளிசை தனக்கு, பின்னேரக் குளிசை கனகத்துக்கு என்று முடிவெடுத்தார்.

அட மனிசா, அது எண்ணெய் இல்லையே! அப்படி எண்ணெய் என்றே வைத்துக்கொண்டாலும், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தவனைப் பட்டறையை விட்டே விரட்டினவர் அல்லவா இவர்?

“இஞ்ச பார் கனகம், டொக்டர் உனக்குக் குளிசை மாத்தித் தந்திருக்கிறா” என்றார் கனகமணியிடம். “பின்னேரத்தில ஒண்டு. இனி கையில குத்திறதும் இல்லை, ஒண்டும் இல்லை.”

“மெய்யாத்தானோ? என்னை ஒருக்காப் பாக்காமலோ மாத்தினவ?”

“நான் எல்லாம் கதைச்சிட்டன். உனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி? குளிசையைக் குடி.”

இத்தனை வருசத்தில் அவர் அவளிடம் பெரிய பொய் சொன்னதில்லை. அதனால் அவள் நம்பினாள். அன்றைக்கே முருங்கை இலையை உருவி வறுத்தாள். அவள் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கத்துரைக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. வாஃபரின் போத்தலை அலுமாரியின் ஆக மேல்தட்டில் தூக்கிப் போட்டார்.

தன் கிளினிக்குக்குப் போனபோது இரத்தம் எடுக்கிற மிஸ்ஸி மறித்துக் கேட்டாள். “ஐயா, அம்மாவைக் காணேல்லை? போன மாசமும் வரேல்லை. இரும்பு வால்வு இருக்கிற ஆள் இப்பிடி விடக்கூடாது.”

“அவ கொழும்பில தங்கச்சியாரோட நிக்கிறா பிள்ளை. அங்கதான் காட்டிறது.”

“மறக்காமல் காட்டச் சொல்லுங்கோ. வால்வு இறுகினா ஆள் தப்பாது ஐயா.”

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். வருகிற வழியெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னது காதுக்குள் குடைந்துகொண்டே வந்தது. உப்புவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும் என்று அதை உதறிவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. கனகமணி பாயில் படுத்திருந்தாள். தங்கத்துரை கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். ஏதோ ஒன்று குறைந்தது. டிக் என்று தெறித்துக் கேட்கிற சத்தம், துணியால் பொத்தினது மாதிரி அமுங்கிக் கேட்டது. எழும்பி உட்கார்ந்தார். ஓடிப் பழகின எஞ்சின் சத்தம் குறைந்துதானே ஓடும் என்று அடுத்த நிமிடமே தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது பட்டறையில் வந்து அப்படிச் சொல்லியிருந்தால் பொறடா என்று கழற்றிப் பார்த்திருப்பார்.

கனகமணிக்கும் தெரிந்திருந்தது. “இஞ்சருங்கோ, என்ர மணிக்கூடு இப்ப தொல்லை தாறேல்லை, கவனிச்சனீங்களோ? புதுக் குளிசை நல்லாத்தான் பிடிச்சிருக்கு” என்று சிரித்தாள். தங்கத்துரைக்குச் சிரிக்க ஏலவில்லை. அன்று முதல் அவர் காற்றாடியை நிற்பாட்டிக் கேட்பதை விட்டார். கரண்ட் போனால் எழும்பிப் பட்டறைக்குப் போய்விடுவார். அவருடைய காலும் இடைக்கிடை மரத்தது. நட்டுக் கழற்றிக்கொண்டிருந்த சாவி ஒருநாள் கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. வயசு போகுது என்று குனிந்து எடுத்துக்கொண்டார்.

கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கிவந்த கனகமணி ஒரு காலையில் பாதி வழியில் குந்திவிட்டாள். மூச்சு வாங்கியது. படுக்கவைத்தால் இன்னும் கூடியது. “எழும்பி இருக்கவிடுங்கோ, என்னை இருக்கவிடுங்கோ” என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தங்கத்துரை முழந்தாளில் நின்று அவள் நெஞ்சில் காதை வைத்தார். எஞ்சின்களுக்குக் கொடுத்த அந்தக் காதை அழுத்தி வைத்தார். டிக் என்ற சத்தமே இல்லை. ஏதோ சேற்றுக்குள் கால் புதைகிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் கேட்டது. “ஐயோ, நான் உன்னைக் கொன்றுபோட்டனே!” என்று மனிதர் கத்தின கத்தலில்தான் அயலவர்கள் ஓடிவந்து ஓட்டோவைப் பிடித்தார்கள்.

டொக்டர் ஷிஃபானா குழாயை வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். முகம் மாறியது. “என்ன மருந்து குடிக்கிறா? கடைசியா எப்ப குடிச்சவ? மறைக்காமல் சொல்லுங்கோ ஐயா, இதைத் தெரியாமல் நாங்க ஒண்டும் செய்ய ஏலாது.”

தங்கத்துரை மறைக்கவில்லை. தன் குளிசை என்றார். நேற்றுப் பின்னேரம் கொடுத்தேன் என்றார். ரெண்டில் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு என்றார்.

டொக்டர் குழாயைக் காதிலிருந்து இழுத்து எடுத்தார். “ஐயா, அந்தக் குளிசை இரும்பு வால்வுக்கு ஆகாதே. இரும்புக்கு வாஃபரின்தான். வால்வு இரத்தக்கட்டியால இறுகிப்போச்சு. உடன கொழும்புக்கு அனுப்பவேணும். நீங்க... நீங்களும் பாதிதானோ குடிச்சனீங்க?”

மூச்சு முட்ட மூச்சு முட்டக் கட்டிலில் சாய்ந்திருந்த கனகமணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏசவில்லை. அழவுமில்லை. “உங்கட பங்கையோ எனக்குத் தந்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

அம்புலன்ஸில் அவளை ஏற்றினார்கள். பின்னால் ஏறுவதற்கு அவர் வலது காலைத் தூக்கினார். கால் வரவில்லை. கதவைப் பிடிக்கக் கையை நீட்டினார். கையும் வரவில்லை. கனகம் என்று கூப்பிட்டார், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு வெறும் காற்றுத்தான் வந்தது. அப்படியே சரிந்தார். “என்ர கடவுளே, ஐயாவுக்குப் பக்கவாதம் அடிச்சிட்டுது!” என்று மிஸ்ஸி கத்த, ஆட்கள் அவரை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்புலன்ஸ் காத்திருக்க முடியாது. கனகமணி கதவுக்குள்ளிருந்து கையை நீட்டியபடியே போனாள்.

அவள் தப்பினாள். இறுகின வால்வை மாற்றி வேறொன்று வைத்தார்கள். ரஞ்சன் வந்து நின்று வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாஃபரின் திரும்பவும் தொடங்கியது. மாதாமாதம் பஸ் ஏறிக் கையை நீட்டிக் குத்து வாங்கிக்கொண்டு வருகிறாள். முருங்கை இலையும் சாப்பிடுகிறாள், கிளினிக்கில் சொன்ன மாதிரி அளவாக.

தங்கத்துரை சக்கரக் கதிரையில் இருக்கிறார். பேச்சு இல்லை. இடது கை மட்டும் சொன்னதைக் கேட்கிறது. காலையில் கனகமணி ஊட்டும் குளிசையைச் சத்தம் போடாமல் விழுங்கிவிடுவார். பின்னேரக் குளிசையில்தான் போராட்டம். நாக்கில் வைத்த உடனே இடது கையால் அதை எடுத்து அவளிடம் நீட்டுவார். மூளையில் எவ்வளவோ அழிந்துபோன இடத்தில், அவளுக்குப் பின்னேரம் ஒன்று கொடுக்கவேண்டும் என்பது மட்டும் அழியாமல் கிடக்கிறது.

“இது உங்கட குளிசையப்பா. என்ர குளிசை வேற. நான் குடிச்சிட்டன், மெய்யாத்தான்.”

அவர் நம்புவதில்லை. குளிசை விசயத்தில் எவ்வளவு லேசாகப் பொய் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியும். கனகமணி அந்தக் கையைப் பிடித்து அவர் வாயருகே கொண்டுபோகிறாள். கெஞ்சுகிறாள், ஏசுகிறாள், கடைசியில் அழுகிறாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு குளிசையை அவள் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கிறார்.